ஸ்பீடோமீட்டர் முள் காட்டுவது சரிதானா?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டதால் இங்கே.)



போன கூட்டத்தில் தண்ணீர் மீட்டரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். இன்றைக்கும் மீட்டர்தான், பயப்படாதீர்கள், இதில் யாருக்கும் பில் வராது. காரில் இருக்கிற ஸ்பீடோமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது 2006ஆம் வருடத்து மாருதி 800. கீழே பார்க்கிங்கில் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை வண்டி. 15 வருடம் முடிந்து 2021இல் ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்தேன். நம் பார்க்கிங்கில் என் வண்டிக்கு அண்ணன் தம்பிகள் இன்னும் பல நிற்கின்றன என்பதால்தான் இந்தப் பேச்சு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் திங்கள்நகர் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம், நானும் என் மனைவியும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோ ஒன்று முன்னால் திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது ஆட்டோவுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குக் கை நடுங்கியது. என் மனைவி சொன்னாள்: “கொஞ்ச நாளா நீங்க இப்பிடித்தான் வெரட்டுதிய. சொன்னா கேக்க மாட்டிய.” நான் விடவில்லை. “மீட்டரைப் பாரு, நாப்பதுக்கு மேல நான் போகவே இல்ல” என்றேன். உண்மையாகவே முள் 40ஐத் தாண்டவில்லை.

விஷயம் மகன் காதுக்குப் போயிற்று. லீவுக்கு வந்தவன் சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னான்: “அப்பா, இனிமே ஆட்டோவுல போயிட்டு வாங்க. சாவிய எங்கிட்ட தாங்க.” அறுபதைத் தாண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த வார்த்தை எங்கே போய் விழும் என்று உங்களுக்குத் தெரியும். சண்டை போடவில்லை. மறுநாள் கண் டாக்டரிடம் போனேன். இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, பகலில் ஓட்டத் தடையில்லை, இரவில் வேண்டாம் என்றார். அன்றிலிருந்து இரவில் ஓட்டுவதில்லை. ஆனால் ஆட்டோ நின்றது காலை எட்டரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில். அது கண்ணின் தவறு இல்லை.

அப்போது பேரன் ஒரு காரியம் செய்தான். முன்சீட்டில் உட்கார்ந்து போனில் வேகம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, “தாத்தா, உங்க மீட்டர் 40, என் போன் 51” என்றான். போன் தப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பழகின ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். “கேபிளா இருக்கும் சார், மாத்திருவோம்” என்றார் தம்பி. சில நூறு ரூபாய். மாற்றினோம். முள் 40, போன் 51. இன்னொரு இடத்தில், “மீட்டரையே மாத்தணும் சார், பழைய வண்டியிலிருந்து கழட்டினது இருக்கு” என்றார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு வண்டியின் மீட்டர் என்றால் அந்த வண்டி ஓடிய கிலோமீட்டரும் கூடவே வரும். இன்னொருவர் பாஸ்புக்கை என் பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்வது மாதிரி.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்கள் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. சாயங்காலம் கணக்கு டேலி ஆகாமல் போனால் உடனே எல்லா வவுச்சரையும் புரட்ட மாட்டோம். முதலில் வித்தியாசத் தொகையைப் பார்ப்போம். அது 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ 54ஐ 45 என்று எழுதியிருக்கலாம். இரண்டால் வகுத்து, அந்தப் பாதித் தொகையில் ஒரு வவுச்சர் கிடைத்தால், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருப்பார்கள். வித்தியாசம் எப்படிப்பட்டது என்பதே தவறு எந்த மேஜையில் நடந்தது என்று காட்டிவிடும். ஸ்பீடோமீட்டரிலும் முதலில் வித்தியாசத்தை எழுதிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம். பழைய வண்டிகளில் கியர்பாக்ஸில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அது ஒரு முறுக்குக் கம்பியைச் சுழற்றும். அதுதான் நாம் சொல்லும் மீட்டர் கேபிள். கேபிளின் மறுமுனை டேஷ்போர்டுக்குப் பின்னால் போய் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தொடாது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுழலும் காந்தம் அலுமினியத்துக்குள் சின்னச் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அதனால் கிண்ணமும் காந்தத்தின் பின்னாலேயே திரும்பப் பார்க்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறி எங்கே சமமாகிறதோ அங்கே முள் நிற்கும். இதற்கு 1902இலேயே ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்ஸே என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். என் வண்டியில் இருப்பதும் அடிப்படையில் அதே சங்கதிதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே கேபிள் இரண்டு கணக்கு எழுதுகிறது. முள் காட்டும் வேகம் காந்தத்தையும் சுருள்வில்லையும் நம்பியது. கிலோமீட்டர் எண்ணும் ஓடோமீட்டரோ முழுக்கப் பல்சக்கரம். காந்தம் பலவீனமானாலும் வில் தளர்ந்தாலும் முள்தான் தவறும், ஓடோமீட்டருக்கு ஒன்றும் ஆகாது. ஓடோமீட்டர் ஓடிக்கொண்டே குறைத்து எண்ணினால் தவறு மீட்டருக்குக் கீழே, சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

நம் ஊர்ச் சாலைகளில் ஒரு கிலோமீட்டர் நேராகப் போக இடம் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாளையங்கோட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். காவல்கிணறு தாண்டி வள்ளியூர் பக்கம் நாலுவழிச் சாலை. காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்து சீட்டில் மச்சினன். போனைப் பார்ப்பதும் எழுதுவதும் அவர் வேலை, ஓட்டுவது மட்டும் என் வேலை. தயவுசெய்து தனியாகப் போய் இதைச் செய்யாதீர்கள். இடது ஓரமாக, பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, முள்ளை ஒரே இடத்தில் அரை நிமிடம் நிறுத்திப் பிடிக்க வேண்டும். வேகம் ஏறும்போதோ இறங்கும்போதோ போனில் பார்த்தால் அது ஒரு நொடி பின்தங்கித்தான் காட்டும்.

முள் 20இல் நின்றபோது போன் 30 காட்டியது. 30க்கு 40. 40க்கு 51. 50க்கு 61.

போனையும் சும்மா நம்பவில்லை. முள்ளை 40இல் பிடித்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை மச்சினன் நேரம் எடுத்தார். 71 நொடி. 3600ஐ நொடியால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 3600ஐ 71ஆல் வகுத்தால் 50.7. போனும் கல்லும் ஒரே பேச்சு. அந்த இடத்தில்தான் என் மனைவி சொன்னது சரி என்று பின்சீட்டில் இருந்தவளிடம் ஒப்புக்கொண்டேன்.

வித்தியாசம் 10, 10, 11, 11. இதைப் பாருங்கள். தவறு சதவீதக் கணக்கில் இருந்தால் 20க்கு 10 என்னும்போது 50க்கு 25 வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணக்கில் மாதா மாதம் ஒரே தொகை பிடிப்பார்களே, அந்த மாதிரி ஏதோ ஒன்று எல்லா வேகத்திலும் சமமாகப் பிடித்திருக்கிறது. ஆனால் வேகம் கூடக்கூட இன்னொன்று வட்டி மாதிரிக் கொஞ்சமாய் ஏறுகிறது. ஆக, திருடன் ஒருவன் இல்லை, இரண்டு பேர்.

வட்டிக்காரனைப் பிடிக்க ஓடோமீட்டர் போதும். ஒரு கல்லைத் தாண்டும்போது எண்ணைக் குறித்துக்கொண்டு கற்களை எண்ணினோம். 53 கிலோமீட்டருக்கு ஓடோமீட்டர் 50தான் எண்ணியிருந்தது. ஓடோமீட்டர் பல்சக்கரக் கணக்கு என்று சொன்னேன் அல்லவா. வேகம் என்னவாக இருந்தாலும் அது மாறாது. அப்படியானால் சக்கரம் ஒரு சுற்றுக்கு முன்பைவிட அதிக தூரம் உருள்கிறது. மகள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு டயரைப் பார்த்தேன். 145/80 ஆர் 12. வண்டியோடு வந்தது 145/70 ஆர் 12.

இரண்டு வருடம் முன்பு டயர் மாற்றும்போது கடையில் என் அளவு இல்லை. “ஆல்டோ சைஸ் போடுங்க சார், ரிம் ஒண்ணுதான், வேகத்தடையில அடி தட்டாது” என்றார்கள். சரி என்றேன். கணக்கு இதுதான்: 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்றால் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம், அதாவது 101.5 மில்லிமீட்டர். 80 என்றால் 116. மேலும் கீழும் சேர்த்துச் சக்கரத்தின் விட்டம் 508இலிருந்து 537ஆகிவிட்டது. 5.7 சதவீதம் கூடுதல். 50ஐ அந்த அளவுக்குப் பெருக்கினால் 53க்கு வரும்.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. பெட்ரோல் போடுவதை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி ஒரு மாதத்திலிருந்து 16 என்று இறங்கியிருந்தது. எஞ்சினுக்கு வயதாகிறது என்று எண்ணி அதற்கும் ஒரு தடவை செலவு செய்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அது டயர் மாற்றிய மாதம். எஞ்சின் அதே 17தான் கொடுத்திருக்கிறது. ஓடோமீட்டர்தான் கிலோமீட்டரைக் குறைத்து எண்ணியது.

இனி இரண்டாவது ஆள். போன் காட்டிய வேகங்களிலிருந்து டயரின் 5.7 சதவீதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எல்லா வேகத்திலும் முள் 8 குறைவாக நின்றது. 20க்கும் 8, 50க்கும் 8. காந்தம் பலவீனமாகியிருந்தால் வேகம் ஏற ஏற வித்தியாசமும் ஏறியிருக்கும். இது முள்ளே இடம் மாறி மாட்டப்பட்டிருப்பதன் அடையாளம். யோசித்தால் இன்னொரு சாட்சியும் இருந்தது: வண்டி நகர்ந்து சிறிது தூரம் உருண்ட பிறகுதான் முள் பூஜ்யத்தை விட்டு எழும். பழைய வண்டிதானே, சோம்பல் என்று விட்டுவிட்டேன். போன மழைக்காலத்தில் மீட்டர் பல்பு போனபோது எலக்ட்ரீசியன் ஒருவர் மீட்டரைத் திறந்து முள்ளைக் கழற்றித் துடைத்து மாட்டியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நாகர்கோவிலில் மீட்டர் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முள்ளைப் பூஜ்யத்தில் இருக்கும் ஆப்புக்கு மேலாகத் தூக்கி விட்டார். அது பூஜ்யத்துக்குக் கீழே போய் நின்றது. “இதான் சார் விஷயம்” என்றார். பிறகு மீட்டரைச் சிறு மோட்டாரில் மாட்டி, தெரிந்த வேகத்தில் சுழற்றி, முள்ளைச் சரியான இடத்தில் பதித்தார். ஜப்பானிய வழி வந்த பல மீட்டர்களுக்கு நிமிடத்துக்கு 637 சுற்று என்றால் 60 கிலோமீட்டர் என்பது கணக்கு. வேலை அரை மணி நேரம், அதில் பாதி நேரம் பழைய பியட், அம்பாசடர் கதை. இப்போது முள் 40 என்றால் போன் 42. மிச்சம் டயருடையது. அதைத் தேய்ந்ததும் பழைய அளவுக்கே மாற்றிவிடுவேன். அதுவரை டேஷ்போர்டில் “40 = 42, 60 = 63” என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

பத்து கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். வண்டி நிற்கும்போது பிரேக் தின்ன வேண்டிய சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40க்குப் பதில் 50 என்றால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த முழம் தூரம் எங்கே போயிற்று என்று எனக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. அபராதமும் உண்டு: வேக வரம்பை மீறும் காருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவில் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. “மீட்டர் தப்பு சார்” என்றால் கேமரா கேட்காது. தகுதிச் சான்றுப் பரிசோதனையிலும் ஸ்பீடோமீட்டர் ஒரு சரக்கு. 2026இல் மறுபடி புதுப்பிக்க வேண்டிய என் போன்றவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

மீட்டர் போனைவிடச் சற்று அதிகமாகக் காட்டினால் கவலைப்படாதீர்கள். ஐ.நா. வாகன விதிகளில் 39ஆம் விதி அதைத்தான் சொல்கிறது: மீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது. கூடுதலாக, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை காட்டலாம். உண்மை வேகம் 50 என்றால் மீட்டர் 59 வரை காட்டினாலும் குற்றமில்லை. குறைவாகக் காட்டினால்தான் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மற்ற நோய்களையும் சொல்லிவிடுகிறேன், நம் வளாகத்தில் ஏற்கனவே இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முள்ளும் ஓடோமீட்டரும் இரண்டுமே செத்துக் கிடந்தால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் பக்கத்துப் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் மீட்டர் பக்கத்து முனையைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொஞ்சம் உருட்டச் சொல்லுங்கள். கேபிளின் உள்கம்பி சுழன்றால் மீட்டர் கோளாறு, சுழலவில்லை என்றால் கீழே. புதுக் கேபிள் போட்டும் சீக்கிரமே அறுகிறதா, மீட்டர் உள்ளே இறுகியிருக்கிறது. கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

முள் மெதுவான வேகத்தில் துள்ளித் துள்ளி ஆடினால் கேபிள் காய்ந்திருக்கும், அல்லது எங்கேயாவது இறுக்கமாக வளைந்திருக்கும். கூடவே கிரீச் என்று சத்தமும் வரும். இங்கே குளச்சல் கடல் காற்று ஒரு பக்கம், வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் மறுபக்கம், துருவுக்குப் பஞ்சமில்லை. உள்கம்பியை உருவித் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவலாம். மீட்டர் பக்கத்து முனையில் மட்டும் வேண்டாம். அங்கே தடவினால் அது ஏறிப் போய் மீட்டருக்குள் புகுந்து, காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டு, தெருவில் 20இல் போகும்போது முள் 100 காட்டும்.

முள் நன்றாக வேலை செய்து ஓடோமீட்டர் மட்டும் நின்றுவிட்டால், மீட்டருக்குள் இருக்கும் குட்டிப் பல்சக்கரம் போயிருக்கும். இது ஓட்டுகிறவருக்குத் தொந்தரவே தராது என்பதால் பல பேர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ஆயில், டைமிங் பெல்ட் எல்லாம் கிலோமீட்டர் கணக்கில் மாற்றுகிறவை. அந்தக் கணக்கு நின்றுபோகும். வண்டியை விற்கும்போது இன்னொரு சங்கடம். என்றைக்கு எந்த எண்ணில் நின்றது என்று சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள், வாங்குகிறவரிடம் காட்டுங்கள். நம் பார்க்கிங்குக்குள்ளேயே வண்டிகள் கைமாறுகின்றன. நாளைக்கு லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும்.

புது வண்டிகளில் கேபிள் கிடையாது. கியர்பாக்ஸிலோ சக்கரத்திலோ ஒரு சென்சார் இருக்கும், அங்கிருந்து ஒயர் வரும். முள் திடீரென்று விழுந்து மறுபடி எழுந்தால் ஒயர் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஏ.பி.எஸ். விளக்கோ எஞ்சின் விளக்கோ எரிந்தால் ஸ்கேனர் மாட்டினாலே எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். நம் பார்க்கிங்கில் எலிக்கு இந்த ஒயர் நல்ல பலகாரம், இதைச் செயலாளர் கவனிக்க வேண்டும். பழைய ஸ்கூட்டர்களில் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வரும். பார்க்கும் முறை ஒன்றே.

தீபாவளிக்கு மகன் வந்திருந்தான். அவனை முன்சீட்டில் உட்கார வைத்து, கையில் போனைக் கொடுத்து, நோட்டையும் மடியில் வைத்து, திங்கள்நகர் வரை போய் வந்தோம். போகும்போது ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தான். வீட்டில் இறங்கியதும் அவன் அம்மாவிடம், “நீ சொன்னப்பவே இவரு கேட்டிருக்கலாம்” என்றான். சாவியைப் பற்றிப் பேச்சே வரவில்லை. இரவில் ஓட்டக்கூடாது என்று மட்டும் மறுபடி சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு விருந்தினர் பார்க்கிங்கில் நிற்பேன். மீட்டரைச் சரிபார்க்க விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். போன் பார்க்க ஒரு ஆளையும் அழைத்து வாருங்கள், நோட்டும் பேனாவும் என்னிடம் இருக்கும். டயரில் இருக்கும் எண்ணை வீட்டிலிருந்தே குறித்துக்கொண்டு வந்தால் நேரம் மிச்சம்.